ரத்தம் பேசுகிறது என்றார்கள்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு நேராக ரத்தத்துக்குத்தான் போகிறது. சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று ஆளுக்கொரு பரிசோதனைக் காகிதத்தை நீட்டுகிறோம். நீட்டிவிட்டு, அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும், பெண்கள் கேள்வி கேட்டார்களா, எதிர்த்துப் பேசினார்களா, சொன்னதைச் செய்துகொண்டு சும்மா இருந்தார்கள் என்று பெருமையாக முடிக்கிறோம். போன வாரம் பூங்கா பெஞ்சில் ஒருவர் இதையே சொன்னபோது மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. எங்கள் வீட்டில் கேட்டார்கள். எதிர்த்தும் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. வீட்டில் தமிழ், கடையில் பாதித் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், புருஷனுடைய அண்ணன் பாவா. மலையடிவாரத்தில் படிக்கட்டுக்குப் போகிற வழியில் எங்களுக்குத் தேங்காய், கற்பூரக் கடை. நைனாவின் அண்ணன், எங்கள் பெரிய நைனா, கல்லாவில் உட்கார்வார். நைனா மூட்டை இறக்குவார். வீட்டிலும் அதே ஏற்பாடுதான். பெரிய நைனா சொல்வார், மற்றவர்கள் செய்வார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். வாய் ஓயாது. கொட்டாவி ஒருவர் விட்டால் எதிரில் இருப்பவருக்கும் ஏன் வருகிறது? குளத்தில் ரொம்ப நேரம் கிடந்தால் விரல் நுனி ஏன் சுருங்குகிறது? முடி வெட்டினால் வலிக்கவில்லை, நகம் வெட்டினால் வலிக்கவில்லை, விரலை வெட்டினால் மட்டும் ஏன் வலிக்கிறது? வீட்டில் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. கொட்டாவி என்றால் கண்ணு பட்டிருக்கிறது. விக்கல் என்றால் திருடித் தின்றிருக்கிறேன். கால் மரத்துப்போனால் எச்சிலைத் தொட்டுக் கட்டைவிரலில் வைக்க வேண்டும். அதற்கு மேல் கேட்டால் பெரிய நைனா கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். "பொட்டப் புள்ளைக்கு இத்தினி கேள்வி ஆவாது" என்பார்.

அத்தை ஒருத்திதான் வேறு மாதிரி. நைனாவுக்கு அக்கா, பெரிய நைனாவுக்குத் தங்கை. கே.ஜி.கண்டிகையில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான மறு வருஷமே புருஷன் காலராவில் போய்விட, வெள்ளைப் புடவையோடும் ஒரு தகரப் பெட்டியோடும் திரும்பி வந்தாள். கடைக்குப் பின்னால் இருட்டான கிடங்கில் உட்கார்ந்து தேங்காய்க்கு நார் உரிப்பாள். கடையின் முன்பக்கம் வரக் கூடாது. சாமிக்குப் போகிறவர்கள் அவள் முகத்தில் விழிக்கக் கூடாதாம். நான் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த நார்க் குவியல் மேல் போய் விழுவேன். ஈர நாரும் பழைய கற்பூரமும் கலந்த ஒரு வாசனை அங்கே இருக்கும். எங்கெங்கோ தேடிவிட்டேன், அது வேறெங்கும் கிடைக்கவில்லை.

நார் உரிக்கும்போது அத்தையின் புறங்கையில் நரம்பு புடைத்துக்கொள்ளும். ஒரு நாள் அதை விரலால் அமுக்கிப் பார்த்துக் கேட்டேன். "ஏன் அத்த, இது பச்சையா கீது? உள்ள ரத்தம் சேப்பு தானே?"

அத்தை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரிலடி" என்றாள். அப்புறம், "இத்தினி நாளா என் கையில கீது. எனக்குக் கேக்கத் தோணல பாரேன்" என்றாள்.

தெரியாது என்று ஒரு பெரிய மனுஷி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் அம்மாவுக்குப் பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. மருத்துவச்சி குளிப்பாட்டி என் மடியில் போட்டாள். குழந்தை நன்றாக இருந்தது, அம்மாதான் சரியாக இல்லை. உதிரம் நிற்கவில்லை. ரெண்டு நாள், மூணு நாள் என்று போயிற்று. கொல்லையில் அத்தை துணி அலசிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் உதடு, நகம், கண்ணுக்குள் இருக்கிற சிவப்பு எல்லாம் வெளுத்துக்கொண்டே வந்தது. கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்து "ஆங்" என்பாள். அம்மா எப்போதுமே எல்லாவற்றுக்கும் "ஆங்" என்று மட்டும் சொல்கிறவள்தான். பெரிய நைனா எதிரே நின்று அவள் பேசியதே கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று, என்னிடம் சொல்லி, நான் அவரிடம் சொல்ல வேண்டும். அதனால் அந்த "ஆங்" தேய்ந்துகொண்டு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அத்தை கவனித்தாள்.

ஊரெல்லாம் காவடி. தெருவில் கால் வைக்க இடமில்லை. வருஷத்து வியாபாரமே அந்த நாலைந்து நாளில்தான். நைனா இரண்டு தடவை கல்லாப் பக்கம் போய் நின்று பார்த்தார். "கிருத்திக முடியட்டும், பாக்கலாம்" என்று பெரிய நைனா சொல்லிவிட்டார். நைனா திரும்பி மூட்டை இறக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அத்தை துணி அலசுவதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கச் சொன்னாள். கிடங்கு வழியாகப் போய்க் கடையின் முன்பக்கம், மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நின்ற அத்தனை காவடிக்காரர்களுக்கும் நடுவில், வெள்ளைப் புடவையோடு நின்றாள். நான் குழந்தையோடு அவள் பின்னால் நின்றேன்.

"உன்ன இங்க யார் வரச் சொன்னது?" என்றார் பெரிய நைனா, குரல் எழுப்பாமல்.

"உள்ள அவ செத்துகினு கீறா அண்ணா. வண்டி கட்டச் சொல்லு."

"ஜனம் பாக்குது. உள்ள போ."

"பாக்கட்டும். நீ வண்டி கட்டற வரைக்கும் நான் இங்கியே நின்னுகினு இருக்கேன்."

யாரோ ஒரு காவடிக்காரர் தான் வாங்கிய தேங்காயைத் திருப்பிப் பலகையில் வைத்துவிட்டு, "மொதல்ல அந்தம்மா சொல்றத கவனிப்பா" என்றார். வியாபாரம் போகிறது என்றதும் வண்டி வந்தது. அத்தை ஜெயித்தது கருணையால் இல்லை. அந்த வயதிலேயே எனக்கு அது புரிந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ரயிலில் அரக்கோணம் போய், அங்கே வேறு வண்டி மாறி, ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவை ஒரு பலகையில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். நைனாவும் பெரிய நைனாவும் வந்தார்கள். அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிற மாமா, அம்மாவின் தம்பி, ஆள் சொல்லி அனுப்பியதும் தறியிலிருந்து எழுந்த கையோடு வந்து சேர்ந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான். பாலாடைச் சங்கில் தண்ணீர் கலந்த பசும்பாலை ஊற்றி ஊற்றி அதற்குக் கொடுப்பேன். சங்கின் மூக்கு உதட்டில் பட்டதும் அது வாயைக் குவிக்கும். அந்தச் சங்கு எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

டாக்டரம்மா தமிழ்க்காரர், கிறிஸ்தவர். மூன்று தலைமுறையாக அந்த மிஷனோடு இருக்கிற குடும்பமாம். குட்டையாக, வேகமாக நடப்பார். அம்மாவைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். பினாயில் வாசனை மூக்கைக் குத்தியது.

"உள்ள கொஞ்சம் நஞ்சுக்கொடி தங்கியிருக்கு. அதை எடுக்கணும். ஆனா எடுக்கறதைத் தாங்க அவங்க உடம்புல ரத்தம் இல்ல. உங்கள்ல யாராவது ரத்தம் குடுக்கணும். யார் ரத்தம் சேருதுன்னு பார்த்துச் சொல்றேன்."

மாமா முன்னால் வந்து கையை நீட்டினார். விரலில் குத்தி, ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டில் ஒரு சொட்டு வைத்து, எதையோ கலந்து ஆட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். சிவப்பு, திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகப் பிரிந்தது. "உங்களுது ஆகாது. ஏத்தினா அவங்க உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா. மாமா தன் விரலையே பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா நைனாவைப் பார்த்தார். பதில் பெரிய நைனாவிடமிருந்து வந்தது.

"அவன் மூட்ட தூக்கறவன்மா. ரத்தம் போனா ஆளே பூடுவான். ஒரு சொட்டு ஊறணும்னா எத்தினி நாள் சோறு துன்னணும். ரேஷன்ல எங்க போறது?"

"நீங்க?"

"எனக்கு வயசாச்சு."

அவருக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது.

அத்தை தூணோரம் நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "எங்கிட்ட எடுங்க."

பெரிய நைனா அவளை மறித்து நின்றார். "நீ கம்முனு இரு. தாலி அறுத்தவ ரத்தம் சுமங்கலி ஒடம்புல ஏறணுமா? அது வேணாம். அவளுக்கும் ஆவாது, என் தம்பிக்கும் ஆவாது."

"அப்ப நீ குடு."

"போனா திரும்பி வராது. உனக்குத் தெரியுமா?"

"நம்ம மலையில எத்தினி பேரு மொட்ட அடிச்சிகினு போறாங்க. முடி திரும்பி வர்ல? இது மட்டும் ஏன் வராது?" அத்தை டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "நெஜமாத்தான் கேக்கறேன். எனக்குத் தெரியாது. வருமா, வராதா?"

"வரும்" என்றார் டாக்டரம்மா. "தண்ணி ஒரு நாள் ரெண்டு நாள்ல சேர்ந்துடும். சிவப்பு ஊற சில வாரம் ஆகும். எலும்புக்குள்ளதான் ஊறுது."

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "தாலி கீதா இல்லியான்னு ரத்தத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

பெரிய நைனா கையை ஓங்கினார். மாமா எழுந்து நடுவில் நின்றார். டாக்டரம்மா ஒன்றுமே நடக்காதது மாதிரி எனக்குப் பதில் சொன்னார். "தெரியாது. ரத்தத்துல நாலு வகை இருக்கு. இது நம்ம வகையா, வேற வகையான்னு பார்க்கத்தான் அதுக்குத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

அத்தையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். விரலில் குத்தினார். இந்தத் தடவை ஓட்டில் இருந்த சிவப்பு பிரியவில்லை. சமமாக, வழவழவென்று அப்படியே நின்றது. அத்தை அதைக் குனிந்து பார்த்தாள். கல்யாண வீட்டிலும் தொட்டில் வீட்டிலும் எல்லோருக்கும் பின்னால் நிற்க வைக்கப்பட்டவளை, சேரும் என்று அந்தப் பீங்கான் ஓடு சொல்லிவிட்டது.

அவளைக் கட்டிலில் படுக்க வைத்துக் கண்ணாடிப் புட்டியில் எடுத்தார்கள். வலிக்கிறதா என்று கேட்டேன். "குத்தும்போது வலிச்சிது. இப்ப சும்மா கீது" என்றாள். புட்டி நிறைவதையே அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியாடி, பச்ச இல்ல" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அது ஞாபகம் இருந்தது. பக்கத்திலிருந்த டாக்டரம்மாவிடம் நரம்பு ஏன் பச்சையாகத் தெரிகிறது என்று நான் கேட்க, தோலுக்கு வெளியே நின்று பார்ப்பதால் வெளிச்சம் செய்கிற வேலை அது, உள்ளே எல்லோருக்கும் சிவப்புதான் என்றார். இதுதான் சமயம் என்று கொட்டாவி எப்படித் தொற்றுகிறது என்றும் கேட்டேன். "அது எனக்கும் தெரியாது. எங்க பெரிய டாக்டருக்கும் தெரியாது" என்று சொல்லி, சொல்லும்போதே ஒரு கொட்டாவி விட்டார். அத்தையும் விட்டாள். நானும் விட்டேன். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் நைனா பரிசோதனை அறையிலிருந்து விரலைச் சப்பிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன். கதவு இடுக்கில் நசுங்கிவிட்டது என்றார். நானும் நம்பினேன். மனைவிக்கு ரத்தம் கொடுக்கப் பயந்த மனுஷன் என்று பல வருஷம் அவரை மனசுக்குள் ஒதுக்கியே வைத்திருந்தேன். அந்த அறைக் கதவு ஒரு துணித் திரை என்பது எனக்கு ஞாபகம் வந்தபோது நைனா இல்லை. அண்ணனுக்குத் தெரியாமல் போய் விரலை நீட்டியிருக்கிறார். சேரவில்லை போலிருக்கிறது. அதை அவர் உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லாத ஒருவரை நான் முழுக்க மன்னித்துவிட்டேன் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒதுக்கி வைத்ததை விட்டுவிட்டேன்.

அம்மா பிழைத்தாள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம்.

வந்த பிறகுதான் கதையே. குழந்தைக்குத் தொட்டில் போட நாள் பார்த்தார்கள். சுமங்கலிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமா அம்மையார்குப்பத்திலிருந்து புதுப் புடவை நெய்து எடுத்து வந்து, அதிலேயே தொட்டில் கட்டினார். குழந்தையை முதலில் தொட்டிலில் விடுவது பெரிய நைனாவின் மனைவி, எங்கள் பெரியம்மா என்று முடிவாகியிருந்தது. பெரியம்மா கையை நீட்டியபோது அம்மா குழந்தையைக் கொடுக்கவில்லை.

"அண்ணி வரட்டும்" என்றாள்.

கதவுக்குப் பின்னால் இல்லை. கூடத்தின் நடுவில், பெரிய நைனா எதிரே நின்று சொன்னாள். நான் நடுவில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னா பேசற நீ?" என்றார் பெரிய நைனா.

"அவங்க ரத்தம் என் ஒடம்புல ஓடிகினு கீது பாவா. அவங்க ஆவாதுன்னா நானும் ஆவாது. என் கொழந்தயும் ஆவாது. தொட்டில அவுத்துடலாம்."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய நைனாவுக்கு முகம் கறுத்தது. அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். "இது இவ பேசல. அவ ரத்தம் பேசுது."

அத்தை கிடங்கிலிருந்து வந்தாள். நார் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, குழந்தையை வாங்கித் தொட்டிலில் விட்டாள். அவள் அழவில்லை. குழந்தைதான் அழுதது.

ரத்தம் பேசுகிறது என்பது ஊரெல்லாம் பரவியது. தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அம்மாவைப் பார்க்க வருவார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசினால் அத்தை முகத்தைப் பார்ப்பார்கள், ரெண்டு குரலும் ஒன்றுதானா என்று. முதலில் அம்மா கூச்சப்பட்டாள். அப்புறம் அது அவளுக்கு வசதியாகப் போயிற்று. சாப்பாட்டில் ஆண்கள் தின்ற மிச்சம்தான் பெண்களுக்கு என்பதை நிறுத்தி, முதலிலேயே பாதியை எடுத்து மூடி வைத்தாள். பெரியம்மா கேட்டதற்கு, "நான் இன்னா பண்றது அக்கா? ரத்தம் அப்டி சொல்லுது" என்றாள். மறுநாளிலிருந்து மூடி வைத்ததில் பெரியம்மாவும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது என்று பெரிய நைனா சொல்லியிருந்தார். ஒரு திங்கட்கிழமை அம்மா எனக்குத் தலை வாரி, பலகையும் பையும் கொடுத்து, கடை வழியாகவே அனுப்பினாள். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இதுவும் ரத்தமா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து "ஆங்" என்றாள் அம்மா. பழைய "ஆங்" இல்லை அது.

அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. ரத்தத்துக்கு வகையைத் தவிர ஒன்றும் தெரியாது என்றால், அது எப்படிப் பேசும்? எனக்குப் பயமாகவும் இருந்தது. அது பேசவில்லை என்று தெரிந்துவிட்டால் என் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? அதனால் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தேன். நான் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது ஒன்றுதான்.

கார்த்திகை மாதம், அம்மாவைத் திரும்பக் காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். நைனா கூட்டிப்போனார். அத்தையும் வந்தாள். டாக்டரம்மா அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்து, "நல்லா சிவந்திருக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்து, "கேளு" என்றார்.

"அத்த ரத்தம் அம்மா ஒடம்புல இன்னும் எத்தினி நாளு இருக்கும்?"

"இன்னுமா? அது மூணு நாலு மாசம்தான் உயிரோட இருக்கும். பழசாகிப் போகப் போக உங்கம்மா எலும்புலருந்து புதுசு ஊறிக்கிட்டே இருக்கும். இப்ப ஓடறது அநேகமா எல்லாமே உங்கம்மாவோடதுதான்."

"கோவம்?"

"என்ன கோவம்?"

"அத்த கோவம் அம்மாவுக்கு ரத்தத்துல வந்துச்சாம். எல்லாரும் சொல்றாங்க."

டாக்டரம்மா அம்மாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரத்தத்துல கோவமும் போகாது, குணமும் போகாது. மூச்சுக்காத்தும் சாப்பாட்டுச் சத்தும் தான் போகும்" என்றார்.

ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் திரும்பி வரும் ரயிலில் நைனா ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூவரும் குழந்தையும் ஜன்னலோரம். கரித்தூள் கண்ணில் விழுந்தது. அப்புறம் அத்தை மெதுவாக, "அப்ப அதெல்லாம் உன்னுதுதானா?" என்று கேட்டாள். அம்மா புடவையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என் காதைப் பிடித்தாள். "ஊட்ல யார்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சிதோ, பழையபடி கதவுக்குப் பின்னாலதான்."

வீட்டுத் தெரு திரும்பியதும் வாசலில் ஒரு வாடகை மாட்டுவண்டி நின்றது. வண்டிக்குப் பக்கத்தில் மண்ணில் அத்தையின் தகரப் பெட்டி. அதன் மேல் அவளுடைய மாற்றுப் புடவை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பெரிய நைனா வாசற்படியில் நின்றிருந்தார். நாங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எல்லாம் முடித்துவிட்டிருந்தார்.

நைனாவிடம்தான் சொன்னார். "இவள கண்டிகையில அவ மாமனார் ஊட்ல உட்டுட்டு வா. பேசிட்டேன். மாட்டுக் கொட்டா ஓரமா இடம் குடுக்கறேன்னாங்க. இவ இங்க இருக்கற வரைக்கும் அந்த ரத்தம் அடங்காது. ஆளு தூரமா போனாத்தான் இறங்கும்னு பெரியவங்க சொல்றாங்க."

கடையின் முன்னால் போய் நின்ற, வராந்தாவில் எதிர்த்துப் பேசிய அத்தைக்கு, தனக்கென்று வந்தபோது வாய் வரவில்லை. குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். நைனா வண்டியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

அம்மா குழந்தையை என்னிடம் கொடுத்தாள்.

"பாவா, அண்ணி ரத்தம் எங்கிட்ட இப்ப இல்ல."

"இன்னா?"

"அது போயி ஆச்சு. மூணு நாலு மாசம்தான் இருக்குமாம். டாக்டரம்மா சொன்னாங்க. உங்க தம்பியும் அங்கதான் இருந்தாரு, கேளுங்க. இப்ப என் ஒடம்புல ஓடறது என்னுது. இவங்கள எவ்ளோ தூரம் அனுப்பினாலும் இது இறங்காது."

தெருவில் ரெண்டு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். பெரிய நைனா குரலைத் தாழ்த்தினார். "அப்ப தொட்டில் போட்ட அன்னிக்கி பேசினது? இந்தப் புள்ளய பள்ளிக்கூடம் அனுப்பினது?"

"மொதல்ல அது அண்ணி ரத்தம்னு நானே நம்பினேன் பாவா. தைரியமா இருந்துச்சு. இப்ப அது இல்லாமயே பேச வருது."

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் ரயிலில் தன் காவலுக்கு வைத்துக்கொண்ட ரகசியத்தை, இன்னும் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாமல் அவளே எடுத்துத் தெருவில் போட்டுவிட்டாள். அத்தைக்காக. இனிமேல் அவள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அவளேதான் பொறுப்பு.

நைனா நடந்து போய் அத்தையின் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். தோளில் வைத்துக்கொண்டார். மூட்டை தூக்கிப் பழகிய தோள். அண்ணனைக் கடந்து வாசற்படி ஏறி உள்ளே போனார். போகும்போது வண்டிக்காரரிடம், "மாட்ட ஓட்டிகினு போப்பா" என்று மட்டும் சொன்னார்.

அத்தை அந்த வீட்டிலேயே இருந்து, என் கல்யாணத்தைப் பார்த்து, என் பிள்ளையையும் தொட்டிலில் விட்டுத்தான் போனாள். அந்தக் குழந்தை, என் தங்கை, இப்போது என்னைவிட அதிகமாகச் சர்க்கரை மாத்திரை தின்கிறாள். பெரிய நைனா சாகிற வரை அம்மாவைப் பற்றி வெளியாட்களிடம், ஆஸ்பத்திரியில் ஏதோ ஏற்றிவிட்டார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி நினைப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த வாசலில் அவரும் பயந்துதான் போயிருந்தார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. தோன்றினாலும் அன்று நடந்ததில் ஒரு வார்த்தையைக்கூட நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

அன்று மதியம் பெரிய நைனா கடைக்குப் போய்விட்டார். நைனா கிடங்கில் தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தை பெட்டியைத் திறந்து புடவையை உள்ளே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அம்மா அடுப்பெதிரே உட்கார்ந்து, கீரையை ஆய்ந்துகொண்டே, ஆஸ்பத்திரியில் பார்த்தது, ரயிலில் பார்த்தது, நாளைக்கு என்ன சமைப்பது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.